உருவகங்களை வெட்டிச் சாய்த்தவர்

சுவரில் முட்டிக்கொள்வது ஒரு தொழில், அதற்கு மாதச் சம்பளம் உண்டு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுப்பும் உண்டு என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வேலையில் இருப்பவருடைய மாமனாரே இன்றுவரை நம்பவில்லை. வீடியோ கேம் கம்பெனியில் டெஸ்டர் வேலை. விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்னால் அதை விளையாடிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு சுவரிலும் வீரனைக் கொண்டுபோய் மோதிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சுவர் அவனை உள்ளே விட்டுவிட்டால் அது பிழை. பதினான்கு வருஷத்தில் அவர் மோதாத சுவர் கிடையாது. அதனால் அலுவலகத்தில் அவருக்குச் சுவர்முட்டி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். சில பேருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் ஊசியோடு உட்கார்ந்தால் மதியம்வரை நிமிர முடியாது. "நான் வெளிய இருக்கிறவங்க ரத்தத்த எடுக்கிறேன். நீங்க டிவி பெட்டிக்குள்ள இருக்கிறவங்க ரத்தத்த எடுக்கிறீங்க. நல்ல குடும்பம்!" என்பாள். அவர் சிரிப்பார். ஒரு நாளைக்கு நானூறு பேரை வெட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்கு வாய்ச் சண்டைக்கு ஏது தெம்பு?

ஆனால் ஒன்று. அவருடைய ரிப்போர்ட் பொய் சொல்லாது. சுவர்முட்டி பிழை என்று எழுதினால் அது பிழைதான். மற்ற டெஸ்டர்கள் எழுதுவதில் பாதியை, "மறுபடி வரவில்லை" என்று அவர்களே பிறகு வாபஸ் வாங்குவார்கள். அவர் ஒரே ஒரு பிழையைக்கூட வாபஸ் வாங்கியதில்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கம்பெனி பார்ப்பதும் அதை மட்டும்தான். வேறு படிப்பு கிடையாது, வேறு பழக்கம் கிடையாது, நாற்பத்திரண்டு வயது. ரிப்போர்ட் ஒருமுறை பொய்யாகிவிட்டால் வேறு கம்பெனியில் வாசற்படி ஏறமுடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் இலக்கியம் வந்து நுழைந்தது.

கம்பெனியின் டைரக்டருக்கு அதிரடி என்று பெயர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "அதிரடியா இருக்கணும்" என்றுதான் முடிப்பார். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனாலும் அதே பதில்தான். அவர் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய், பழைய இலக்கியத்தை விளையாட்டாக எடுத்தால் மரியாதை கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வந்தார். எழுதியவர் செத்து எண்ணூறு வருஷம் ஆகிறது, வழக்குப் போட வரமாட்டார் என்பதும் சேர்ந்துகொண்டது. ஆயிரத்து இருநூறு பாட்டுள்ள ஒரு நெடுங்கவிதையைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனியில் யாரும் அதைப் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பாட்டு மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்தவர்கள்தான் எல்லோரும்.

வசனம் எழுத ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார்கள். கல்லூரியில் இருபது வருஷம் அந்தக் கவிதையைப் பாடமாக நடத்தியவர். ஐம்பது வயது, பருமனான உடம்பு, கையில் காகிதத் துண்டுகள் பிதுங்கி நிற்கும் ஒரு தடித்த புத்தகம். வசனக்காரம்மா என்று பெயர் விழுந்தது. முதல் கூட்டத்தில் சுவர்முட்டியும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"எதிரி யாரும்மா?" என்று ஆரம்பித்தார் அதிரடி.

"எதிரி செத்துட்டான் சார். பதினோராம் பாட்டுலயே."

"அப்ப மிச்சம் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பாட்டுல நம்மாளு என்ன பண்றான்?"

"நடக்கிறான் சார். போர் முடிஞ்சிடுது. தான் கொன்ன எதிரியோட அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்னு, அந்தப் பையனோட இடுப்புத் துணிய எடுத்துக்கிட்டு நடக்கிறான்."

"நடக்கிறானா?" அதிரடி மேசையைச் சுற்றிலும் பார்த்தார். "நடுவுல யாரும் வரலையா?"

"துக்கம் வருது சார்."

அதிரடி குறிப்பேட்டைத் திறந்தார். "அதுக்கு எத்தன தல?"

வசனக்காரம்மா கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பாவம். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஓவியர் நிஜமாகவே பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கவிதையில் 'துக்கம் என்னும் யானை துரத்த' என்று ஓர் இடம் இருக்கிறது. கம்பெனிக்கு உருவகம் தெரியாது, யானை தெரியும். நாற்பது யானை தயாரானது. 'நினைவென்னும் தேள் கொட்ட' என்று இன்னோர் இடம். ஆயிரம் தேள். ஊரார் பழிச்சொல்லைக் காக்கைக் கூட்டம் என்று கவிஞர் ஏதோ ஒரு வேகத்தில் பாடிவைத்துவிட்டார். மூன்றாம் லெவல் முழுக்கக் காக்கை, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கூரை அளவு. தூக்கம் வராத இரவைப் பாழுங்கிணறு என்றாராம். கிணற்றிலிருந்து நூறு கையோடு ஒன்று ஏறி வந்தது. அது என்னவென்று வரைந்தவருக்கே தெரியாது. குரங்கு கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் குரங்கு பூமாலையைப் பிய்த்துப் போடுமே தவிர, அதற்கு எத்தனை தலை என்று கேட்காது.

இந்த உருவகங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கும் வேலை சுவர்முட்டிக்கு. எட்டு மாதம் வெட்டினார். காலையில் யானை, மதியம் தேள், சாப்பிட்டுவிட்டு வந்தால் காக்கை. கவிஞர் ஆயுசு முழுக்க உட்கார்ந்து கட்டியதை மனுஷன் வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கு வைத்து ஒழித்துக்கட்டினார். அவர் மேல் குற்றமில்லை. அவர் அந்தக் கவிதையைப் படித்தவரில்லை. தும்பிக்கை சுவருக்குள் போகிறதா என்பதுதான் அவர் கவலை.

மிச்சம் இருந்தது கடைசிக் கட்டம். கவிதையில் வீரன் அந்தத் தாயின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். அவள் கதவைத் திறந்து, அவனை உட்காரவைத்துப் பேசுகிறாள். அவன் வாயைத் திறப்பதில்லை. அவ்வளவுதான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் எண்ணூறு வருஷமாக அந்தக் கவிதையை ஆட்கள் படிக்கிறார்கள் என்று வசனக்காரம்மா சொன்னார்.

"முப்பது மணி நேரம் அடிச்சு முன்னேறி வந்தவன், கடைசியில ஒரு கிழவிகிட்ட உக்காந்து கதை கேப்பானாம்மா?" என்றார் அதிரடி.

"ஆமா சார். அதுக்குத்தான் வர்றான்."

"அதிரடியா இல்லயே. கிழவி பேயா மாறட்டும். தலைமுடி பூராவும் பாம்பு."

வசனக்காரம்மா கெஞ்சினார். அப்புறம் வாதாடினார். அப்புறம் புத்தகத்தைத் திறந்து பாட்டை வாசித்தே காட்டினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? காட்சியை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவு வந்தது, பேய் வரவில்லை. பாம்புகளை ஒவ்வொன்றாக வரைந்து ஓவியருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசிக் கட்டம் இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தில் வசனக்காரம்மாவும், யானைகளைப் பார்த்து நொந்துபோயிருந்த ஒரு புரோகிராமரும் சேர்ந்து, யாருக்கும் சொல்லாமல், அந்த வீட்டைக் கட்டிவிட்டார்கள். தாய்க்குக் குரல் கொடுத்ததும் வசனக்காரம்மாதான்.

இது எதுவும் தெரியாத சுவர்முட்டி, ஒரு திங்கட்கிழமை காலை கடைசி யானையையும் சாய்த்துவிட்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். கிழவி கதவைத் திறந்தாள். நின்றாள். இவர் அடிக்கும் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. குதிக்கிற பட்டன், உருளுகிற பட்டன், கேடயம், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். வீரன் மரம்போல் நின்றான். இருபது நிமிஷம் கட்டைவிரல் தேயத் தேய அழுத்தியும் கிழவி இவரைப் பார்த்தபடியே நின்றாள். சுவர்முட்டி மகிழ்ச்சியோடு எழுதினார்: 'கடைசிக் கட்டம். கிழவி கதவைத் திறந்ததும் விளையாட்டு உறைந்துவிடுகிறது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. முதல் தரப் பிழை.' அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். முதல் தரப் பிழை கிடைத்த நாளில் அவருக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

திரும்பி வரும்போது கூடமே அதிர்ந்துகொண்டிருந்தது.

"கிழவியா? எந்தக் கிழவி?" என்று கத்திக்கொண்டே வந்தார் அதிரடி. "அங்க பேய்தானே இருக்கணும்? வெள்ளிக்கிழமை விநியோகக் கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. யோவ், நீ இன்னொரு தடவ ஓட்டிப் பாத்து நாளைக்குள்ள விவரமா எழுதிக் கொடு. எவன் வச்சான்னு நான் கண்டுபிடிக்கிறேன். கிழவியையும் தூக்கு, வச்சவனையும் தூக்கு!"

அவர் போன பிறகு வசனக்காரம்மா மெல்ல வந்து சுவர்முட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார், உங்க ரிப்போர்ட்ட பாத்தேன். நீங்க எதையும் அமுக்காம இருந்து பாத்தீங்களா?"

"எதையும் அமுக்காம எப்படிங்க டெஸ்ட் பண்றது?" நிஜமான வியப்போடுதான் கேட்டார். சமையல்காரரிடம் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் சமைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் எப்படி விழிப்பார், அப்படி விழித்தார்.

"ஒரு தடவ. எனக்காக. கைய எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க."

அவர் பட்டன்கள் உள்ள கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். பதினான்கு வருஷத்தில் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அவர் கீழே வைத்தது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொடையில் வைத்தார், எடுத்தார், கட்டிக்கொண்டார். அரை நிமிஷம் போனது. திரையில் வீரன் தானாக வாளைக் கழற்றி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"காலெல்லாம் புழுதி," என்றாள் கிழவி. "ரொம்ப தூரத்துலேந்து நடந்து வந்திருக்கே. எம்புள்ள கூட இருந்தவனா நீ? சொல்ல வேணாம். முகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல சேதி இல்லன்னு. உக்காரு."

அவள் பேசினாள். அவசரமே இல்லாமல், நடுநடுவே நிறுத்தி, பிள்ளை பிறந்த கதையிலிருந்து பேசினாள். "அவன் இடது கைக்காரன். சின்னப் புள்ளையில அடிச்சுக்கூடப் பாத்தேன், மாத்திக்கல. பட்டாளத்துல மாத்திடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. மாத்திட்டாங்களா?"

சுவர்முட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் லெவலில், போர்க்களத்தில், ஒரே ஒரு வீரன் மட்டும் இடது கையில் வாள் பிடித்து வருவான். அதைப் பிழை என்று இவரே எழுதிக் கொடுத்திருந்தார். 'வேண்டுமென்றே வைத்தது' என்று பதில் வந்திருந்தது. சரி, நமக்கென்ன என்று விட்டுவிட்டார். எட்டு மாதத்தில் அவனைக் குறைந்தது தொள்ளாயிரம் தடவை கொன்றிருப்பார். இடது பக்கம் காவல் இல்லாததால் அவனைக் கொல்வது சுலபம். ஒரே குத்து.

கிழவி கடைசியில் எழுந்து வந்து வீரனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நீதான்னு கதவத் தெறந்தப்பவே தெரிஞ்சிது. அவன் இடுப்புத் துணி உன் கையில இருக்கு. இருந்தாலும் இரு, உடனே போயிடாத. அவனக் கடைசியாப் பாத்தவன் நீதானே."

கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, தூசு பட்டுவிட்டது என்றெல்லாம் நான் சால்ஜாப்பு எழுதப் போவதில்லை. மனுஷன் அழுதார். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். வசனக்காரம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது போதவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார் ஒருவழியாக. அவருக்குத் தெரிந்த விமர்சனம் அவ்வளவுதான். பிறகு, வேலைக்காரர் ஆயிற்றே, கேட்டார்: "இது பிழை இல்லன்னு எழுதிடட்டுமா?"

"எழுதினா, அப்ப யாரு பண்ணினதுன்னு கேப்பாரு. எடுக்கச் சொல்லி எழுத்துல குடுத்திருக்காரு சார். என்னைத் தூக்குறது இருக்கட்டும், எழுதுற வேலை முடிஞ்சு நான் வெள்ளிக்கிழமையோட கிளம்புற ஆளு. இத எடுத்துடுவாங்க. அந்தப் புரோகிராமருக்கும் வேலை போயிடும்."

"அப்ப என்ன எழுதட்டும்?"

வசனக்காரம்மா கைக்குட்டையை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பொய் எழுதுங்கள் என்று கேட்கிற ரகமில்லை அந்தம்மாள். அதுதான் பெரிய தொந்தரவு. கேட்டிருந்தால் இவர் மாட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். சொல்ல ஆரம்பித்தார் என்று வையுங்கள். கிழவி கதவைத் திறக்கும் இடம்வரை வந்தார். அதற்குள் மறுபடி அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது, பொம்மைக்குப் போயி?"

"பொய்யா ஒரு ரிப்போர்ட் எழுதணும். மாட்டிக்கிட்டா வேலை போயிடும்."

"பதினாலு வருஷமா விளையாடினதுக்குச் சம்பளம் வாங்கினீங்க, ஊரே சிரிச்சுது. இப்ப விளையாடாம உக்காந்ததுக்கு வேலை போகுதுன்னா, அதுலயாவது ஒரு ஞாயம் இருக்கு. எழுதுங்க, பாத்துக்கலாம்." பிறகு கத்தியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப சொல்லிச் சொல்லி அழாதீங்க. அது வெளிய வரட்டும். உங்கள இப்படி அழவச்ச கிழவி யாருன்னு நானே பாக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை சுவர்முட்டி எழுதினார்: 'மறுபடி வரவில்லை. கிழவி இல்லை. பேய் இருக்கிறது. பாம்புகள் நன்றாக நெளிகின்றன.' ஒரு பொய் சொல்லத் தெரியாதவன் நாலு பொய் சொல்வான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அதிரடி நம்பினார். சுவர்முட்டி எழுதிவிட்டாரே! தன் கம்பெனி விளையாட்டை ஒரு தடவைகூட முழுதாக விளையாடிப் பார்க்காத டைரக்டருக்கு அந்த ரிப்போர்ட்டைத் தவிர வேறு கண் கிடையாது.

வெள்ளிக்கிழமை விநியோகக் கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தலைமையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். முதல் இரண்டு லெவலை மட்டும் காட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவதாகத் திட்டம். அந்த நம்பிக்கையில்தான் சுவர்முட்டி அறையின் பின்சுவரில் சாய்ந்து நின்றார். அதிரடியே கன்ட்ரோலரைப் பிடித்தார். யானை வந்தது, தேள் வந்தது. கண்ணாடிக்கார அம்மாள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் எல்லா கேம்லயும் இருக்கு. முடிவு எப்படின்னு காட்டுங்க."

"அதான் மேடம் அதிரடியே!" என்று அதிரடி கடைசிக் கட்டத்தைத் திறந்தார்.

கிழவி கதவைத் திறந்தாள்.

அதிரடி அடித்தார். கிழவி நின்றாள். மறுபடி அடித்தார். "இப்ப மாறும் பாருங்க, பாம்பு வரும்," என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டே எல்லாப் பட்டனையும் குத்தினார். பாம்பும் வரவில்லை, பல்லியும் வரவில்லை. அவர் பிடரி சிவந்தது. அழுத்தி அழுத்தி நாற்காலியே நகர ஆரம்பித்தது. திரும்பிச் சுவர்முட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒப்பந்தம், சம்பளம், வாசல் கதவு எல்லாம் இருந்தது.

சுவர்முட்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏதோ கோளாறு என்று விருந்தாளிகள் சாப்பிடப் போயிருப்பார்கள். திங்கட்கிழமை கிழவியை எடுத்திருப்பார்கள். இவர், அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது சார் என்று சாதித்துத் தப்பியிருக்கலாம். வாயைத் திறந்தால், தெரிந்தே பொய் எழுதினான் என்பது அந்த அறைக்கே தெரிந்துவிடும். கிழவி வாசலில் நின்றுகொண்டே இருந்தாள்.

"சார்," என்றார். குரல் கீச்சென்று வந்தது. "கைய எடுங்க சார்."

"என்னது?"

"கைய எடுங்க. எதையும் அமுக்காதீங்க. அவங்க பேசுவாங்க."

ஆத்திரத்தில் அதிரடி கன்ட்ரோலரைச் சோபாவில் வீசியெறிந்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்காக விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். அவருடைய முதுகுக்குப் பின்னால் வீரன் வாளைக் கழற்றி வாசலில் சாய்த்தான்.

நாலு நிமிஷம் அந்த அறையில் யாரும் அசையவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். 'அவனக் கடைசியாப் பாத்தவன் நீதானே' என்று முடிந்தபோது கண்ணாடிக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோட யோசனை?" என்று கேட்டார்.

அதிரடி அரை விநாடிகூட எடுக்கவில்லை. "என்னோடதுதான் மேடம்! ஆரம்பத்துலேந்து நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அதிரடின்னா அடிக்கிறது மட்டும் இல்லன்னு."

அதோடு சுவர்முட்டியின் வேலை தப்பியது. டைரக்டரின் சொந்த யோசனையை ஒளித்துவைத்தான் என்று சொல்லி ஒருவனை எப்படி வேலையைவிட்டுத் தூக்குவது? வசனக்காரம்மா தன் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு விடைபெற வந்தார். "வெட்டல சார், வெட்டல!" என்று சுவர்முட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்ததும் முதல் ஆளா நான் வாங்குவேன். என் தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கிக் குடுப்பேன்." அவ்வளவு சந்தோஷத்தோடு அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வெளியே போனதில்லை.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். நல்ல விஷயத்தைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆடுகிறவர்களுக்கு எப்படிப் புரியும், உறைந்துவிட்டது என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது, நாலு நிமிஷம் யார் பொறுப்பார்கள் என்று மூன்று நாள் பேசினார்கள். முடிவில் திரையின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: 'அமைதியாக இருக்க, சதுரப் பொத்தானை அழுத்தவும். விரைவாகக் கேட்க, விடாமல் அழுத்தவும்.'

"சார், சும்மா இருக்கிறதுக்கு எதுக்கு சார் பட்டன்?" என்று சுவர்முட்டி கேட்டுப் பார்த்தார்.

"யோவ், சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்? நீ விளையாடுற ஆளு," என்றார் அதிரடி.

அந்தப் பட்டனைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. முந்நூறு தடவை அழுத்தினார். நன்றாக வேலை செய்தது; அதை அழுத்தாவிட்டால் கிழவி இனிப் பேசமாட்டாள். எழுதிக் கொடுத்தார். வசனக்காரம்மாவின் எண் அவர் போனில் இருந்தது. கூப்பிடவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க, உங்க கிழவியக் காட்டுங்க." வாழ்க்கையில் முதல் முறையாகக் கன்ட்ரோலரை வாங்கி, எங்கேயாவது பட்டுவிடப் போகிறதே என்று மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவர் யானைகளையெல்லாம் முன்னாலேயே தீர்த்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவைத்திருந்தார்.

கிழவி கதவைத் திறந்தாள். மனைவி அந்த முகத்தையே பார்த்தாள். ரத்தம் கொடுக்க வருகிற ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியவள், அடியில் ஓடிய எழுத்தைக் கவனிக்கவில்லை. ஒரு துக்க வீட்டுக்குப் போனால் எப்படி உட்காருவாளோ அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பட்டனை அழுத்த வேண்டும் என்று சுவர்முட்டி சொல்லவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் காத்திருக்கிறவளிடமாவது கிழவி பேசிவிடமாட்டாளா என்று, முந்நூறு தடவை சோதித்தவர், முட்டாள்தனமாக ஆசைப்பட்டார். ஐந்து நிமிஷம் ஆனது.

"ஏங்க, இந்தம்மா பேசவே மாட்டேங்கிறாங்களே?"

"கீழ எழுதியிருக்கு பாரு," என்றார்.

அவள் படித்தாள். சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துகிற மாதிரி, கட்டைவிரலை வைத்து விடாமல் அழுத்தினாள். கிழவியின் உதடு படபடவென்று அடித்தது. பிள்ளை பிறந்தான், வளர்ந்தான், பட்டாளத்துக்குப் போனான், செத்தான். ஒன்பது விநாடி. யார் யார் உழைத்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்தது. அதை மட்டும் விரைவுபடுத்த முடியாது. மேலே முதல் பெயராக அதிரடி.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதுக்கா அன்னிக்கு அப்படி அழுதீங்க?"

"நீ விடாம அமுக்கிட்டே. இன்னொரு தடவ போடட்டுமா? மெதுவா..."

"வேணாங்க, அதான் பாத்தாச்சே," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்க எழுந்து போனாள்.